ஆங்கில வகுப்புக்கு எந்த லெசன் பிளான்? வாசகர் கேள்வி - பதில்

கல்லூரி ஆங்கில வகுப்பைத் திட்டமிடுவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கு எங்கள் பதில்களும்.

செமஸ்டர் தொடங்கும் முன்பே 15 வாரத்துக்கும் லெசன் பிளான் எழுதி, கல்லூரியின் தர உறுதிக் குழுவான ஐ.க்யூ.ஏ.சி.க்குக் கொடுத்துவிடுகிறேன். சி.ஓ. (மாணவர் அடைய வேண்டிய கற்றல் விளைவு), கே-லெவல் (சிந்தனைப் படிநிலை), மணிநேரம், தலைப்பு எல்லாம் அதில் உண்டு. ஆனால் வகுப்புக்குள் போனால் அது எதற்கும் உதவுவதில்லை. எங்கே குறை?
– உதவிப் பேராசிரியர், கலை அறிவியல் கல்லூரி, திண்டுக்கல்

அந்தத் தாளில் குறை இல்லை. அது வேறு வேலைக்கான தாள். எந்த வாரத்தில் எந்தப் பகுதி முடியும் என்று துறைக்கும், கல்லூரிகளை மதிப்பிடும் நாக் குழுவுக்கும் காட்டுவதற்கானது. திங்கட்கிழமை மூன்றாவது பீரியடில் மாணவர் என்ன செய்துகொண்டிருப்பார் என்பதற்கு அதில் இடமே கிடையாது. அதற்கு வகுப்புதோறும் தனியாக அரைப்பக்கம் எழுதுங்கள். அரைப்பக்கத்துக்கு மேல் போனால் வகுப்பில் நின்றுகொண்டு படிக்க முடியாது.

முதலில் கடைசிப் பத்து நிமிடத்தை எழுதுங்கள். மணி அடிக்கும்போது மாணவர் கையில் எது இருக்க வேண்டும்? ஒரு பத்தியா, ஒரு மின்னஞ்சலா, திருத்திய ஐந்து வாக்கியங்களா? அது முடிவானபின் அதற்கு முந்தைய கட்டங்கள் தாமாக வரும். ஒவ்வொரு கட்டத்துக்கும் நிமிடம் போட்டு, எதிரே ‘மாணவர் செய்வது’ என்று ஒரு நெடுவரிசை வையுங்கள். எழுதி முடித்ததும் ஆசிரியர் பக்கத்தைக் கையால் மறைத்துவிட்டு மாணவர் பக்கத்தை மட்டும் படியுங்கள். ‘கவனிப்பர்’, ‘குறிப்பெடுப்பர்’ என்று அடுத்தடுத்து மூன்று வரி வந்தால் அது சொற்பொழிவு, மொழி வகுப்பு ஆகாது.

இன்னும் இரண்டு வரிகள் கட்டாயம் வேண்டும். நேரம் போதாவிட்டால் எதை வெட்டுவது என்பது ஒன்று. நீங்கள் கொடுக்கப்போகும் கட்டளை வாக்கியம் மற்றொன்று. அதைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். வகுப்பு குழம்புவது பெரும்பாலும் பாடத்தில் அல்ல, ‘இப்போது என்ன செய்ய வேண்டும்’ என்பதில்தான். நின்ற இடத்தில் யோசித்துச் சொல்லும் கட்டளை நான்கு வாக்கியமாக நீளும். எழுதிவைத்தால் ஒன்றரை வாக்கியத்தில் முடியும்.

சி.ஓ. எழுதும்போதும் இதே கண்ணோட்டம் உதவும். ‘முறையான மின்னஞ்சலை அறிந்துகொள்வர்’ என்பதை எப்படி அளப்பீர்கள்? ‘பொருள் வரி, வேண்டுகோள், நன்றி மூன்றும் அமைய, 120 சொல்லுக்குள், 20 நிமிடத்தில் எழுதுவர்’ என்று எழுதினால் ஆவணமும் பொருந்தும், வகுப்பும் நடக்கும்.

பி.எட். படித்தவர்கள் ‘பி.பி.பி.’ என்கிறார்கள். பயிற்சிப் பட்டறைகளில் ‘டாஸ்க் பேஸ்டு’ என்கிறார்கள். முதலாண்டு மாணவர் 65 பேர், 50 நிமிடம், ஒரு கரும்பலகை. எது சரிவரும்?
– விரிவுரையாளர், தஞ்சாவூர்

ஒரே பாடத்தை மூன்று விதமாகத் திட்டமிட்டுப் பார்த்தால்தான் வேறுபாடு தெரியும். இன்டர்ன்ஷிப் கேட்டு ஒரு நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதுவது என்பதை எடுத்துக்கொள்வோம்.

பி.பி.பி. என்பது விளக்கு, பழக்கு, பயன்படுத்தச் செய் என்ற வரிசை. வருகைப்பதிவும் அறிமுகமும் 7 நிமிடம். மாதிரி மின்னஞ்சல் ஒன்றைப் பலகையில் எழுதி, வேண்டுகோள் சொல்லும் மூன்று தொடர்களை அடிக்கோடிட்டு விளக்க 12. கோடிட்ட இடம் நிரப்புதல், முரட்டு வாக்கியத்தைப் பணிவாக மாற்றுதல் 12. சொந்தமாக எழுத 14. திருத்தம் 5.

புது ஆசிரியருக்கு இது பாதுகாப்பான வழி. அடுத்து என்ன என்பதில் குழப்பம் வராது. ஆனால் கெட்டுப்போகும் இடமும் எப்போதும் ஒன்றுதான். விளக்கம் 12 நிமிடத்தில் நிற்காமல் 30 ஆகும்; எழுதும் பகுதி வீட்டுப்பாடமாகிவிடும். அதாவது, திட்டத்தின் நோக்கமே வகுப்புக்கு வெளியே போய்விடும். அடுத்த சிக்கல், 65 மின்னஞ்சலும் ஒரே மின்னஞ்சலாக வருவது. மாதிரி கண்ணெதிரே இருக்கும்வரை பெயரை மட்டும் மாற்றி எழுதுவார்கள். எழுதத் தொடங்கும்முன் பலகையை அழித்துவிடுங்கள். ஒரு வரிசைக்கு ஜவுளி ஆலை, அடுத்த வரிசைக்கு மருத்துவமனை, அதற்கடுத்ததற்கு மென்பொருள் நிறுவனம் என்று சூழலையும் பிரித்துக்கொடுங்கள்.

பணிவழி முறையில், அதாவது டாஸ்க் பேஸ்டு முறையில், மொழி விளக்கம் கடைசியில்தான் வரும். முன்னோட்டம் 8 நிமிடம். நான்கு பேர் குழு. நிறுவனம் எதிர்பார்ப்பது, மாணவரின் தகுதி, தேதிகள், யாருக்கு எழுதுவது என்று நான்கு துண்டுச்சீட்டு, ஆளுக்கொன்று. சீட்டைக் காட்டக் கூடாது, சொல்ல வேண்டும். அதைக் கொண்டு மின்னஞ்சல் எழுத 12 நிமிடம். படித்துக்காட்டத் தயாராக 8. மூன்று குழுக்கள் படிக்க 10. பிறகு அவர்கள் எழுதியதிலிருந்தே தொடர்களை எடுத்துத் திருத்தி விளக்க 12.

சீட்டைப் பிரித்துக் கொடுக்காவிட்டால் ஒருவர் எழுத மூவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதைவிடப் பெரிய கேடு, கடைசி 12 நிமிடம் பறிபோவது. பணி நீண்டு, எல்லாக் குழுவும் படிக்க ஆசைப்பட்டு, மணி அடித்துவிடும். கடைசியில் வருவதால் மொழி விளக்கம்தான் முதலில் அடிபடும். அது போனால் மாணவர் தமக்கு ஏற்கெனவே தெரிந்த ஆங்கிலத்தையே இன்னொரு முறை பயன்படுத்தியிருப்பார்கள், அவ்வளவுதான். பணி முடியாவிட்டாலும் 20ஆவது நிமிடத்தில் நிறுத்திவிடுங்கள்.

மூன்றாவது, சோதி-கற்பி-சோதி. சூழலைச் சொல்ல 5 நிமிடம். மாதிரி எதுவும் காட்டாமல் அரைத்தாளில் எழுதச் சொல்லி 12. நீங்கள் வரிசைகளுக்கிடையே நடந்து, திரும்பத் திரும்ப வரும் பிழைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்து மாணவரோடு தாளை மாற்றிப் படிக்க 4. கண்ட பிழைகளில் ஐந்தை மட்டும் எடுத்துக் கற்பிக்க 14. திருப்பி எழுத 12. தாள் வாங்க 3.

நம் கல்லூரி முதலாண்டுக்கு எங்கள் ஓட்டு இந்த மூன்றாவது முறைக்கே. மாணவர் பள்ளியிலேயே ஆண்டுக்கணக்கில் ஆங்கிலம் படித்து வந்தவர்கள். காலங்களும் கடித அமைப்பும் அவர்கள் காதில் பலமுறை விழுந்தவை. புதிதாகப் பார்ப்பதுபோல் மறுபடி விளக்கினால் தெரிந்தவருக்குச் சலிப்பு. தெரியாதவருக்கு முன்பு எங்கே புரியாமல் போனதோ அங்கேயே மறுபடியும் புரியாமல் போகும். எது வரவில்லை என்று பார்த்துவிட்டு அதை மட்டும் தொடுவதில் நேரம் மிச்சம்.

இதற்கும் முன்தயாரிப்பு உண்டு. வரக்கூடிய எட்டுப் பிழைகளை முந்தைய நாளே ஊகித்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு பயிற்சி வாக்கியங்கள் எழுதிக்கொண்டு போங்கள். ‘ஐ ஆம் ஹாவிங் இன்ட்ரஸ்ட்’, ‘கைண்ட்லி டு தி நீட்ஃபுல்’, பொருள் வரியில் முழு வேண்டுகோளையும் எழுதுவது போன்றவை எந்த வகுப்பிலும் வரும். எட்டில் ஐந்து அமைந்துவிடும். மூன்றில் ஒரு பங்கு மாணவருக்கு மேல் வெற்றுத்தாளோடு உட்கார்ந்திருந்தால் மட்டும் பிடிவாதம் வேண்டாம். அந்த வகுப்புக்கு மாதிரி தேவைப்படுகிறது, பி.பி.பி.க்கு மாறிவிடுங்கள்.

பி.பி.பி. தனியாக வெல்லும் இடமும் உண்டு. ‘வேர் யூ ஆர் கோயிங்?’ என்று கேட்பதுபோல, ஒரே ஒரு அமைப்பில் எல்லாரும் ஒரேபோல் தவறும் இடம் அது. அங்கே குழுப்பணியும் கண்டறிதலும் சுற்றுவழி. விளக்கி, 20 கேள்விகளை வாய்விட்டுச் சொல்லவைத்து, பக்கத்தில் இருப்பவரிடம் ஆறு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்.

எங்கள் வகுப்பில் பெஞ்சுகள் தரையோடு பொருத்தப்பட்டவை. குழு அமைக்கவே முடியாது. அப்படியானால் பணிவழி முறை எங்களுக்கு இல்லையா?
– ஆங்கிலத் துறை, கோவை

பணிவழி என்றாலே குழு என்று நினைக்க வேண்டியதில்லை. அந்த முறையின் முன்னோடி முயற்சியே நம் பக்கத்தில் நடந்ததுதான். சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்த என்.எஸ்.பிரபு 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகளில் நடத்திய பெங்களூர்த் திட்டம் அது. அவர் குழுப்பணியை நம்பவில்லை. மாணவர் ஒருவர் பிழையை மற்றவர் பழகிக்கொள்வார் என்று அஞ்சினார். அவர் வகுப்பில் ஒரு பணியை ஆசிரியரும் முழு வகுப்பும் சேர்ந்து, கேள்வி பதிலாகச் செய்வார்கள். பின்பு அதே மாதிரியான இன்னொரு பணியை ஒவ்வொருவரும் தனியாகத் தாளில் செய்வார்கள். நகர முடியாத பெஞ்சுக்கு இதைவிடப் பொருத்தமானது எங்களுக்குத் தெரியவில்லை.

பணிகளை அவர் மூன்றாகப் பிரித்தார்: ஒருவரிடம் இருக்கும் தகவலை மற்றவர் பெறுவது, கொடுத்த தகவலிலிருந்து யோசித்து ஒரு முடிவுக்கு வருவது, கருத்துச் சொல்வது. இரண்டாவதே வகுப்புக்கு அதிகம் உதவுகிறது என்று கண்டார். கருத்துப் பணியில் மாணவர் ‘ஐ லைக் இட்’ என்று முடித்துக்கொள்ளலாம். யோசனைப் பணியில் விடை சரியா தவறா என்று தெரிந்துவிடும். அதனால் கவனம் நிற்கும்.

கல்லூரிக்கு ஏற்றபடி ஒன்று: மூன்று ரயில்களின் புறப்படும் நேரம், சேரும் நேரம், கட்டணம், நிலையத்திலிருந்து நேர்காணல் இடத்துக்கு எத்தனை நிமிடம், விண்ணப்பதாரர் கையில் எவ்வளவு பணம். எந்த ரயிலில் போக வேண்டும், ஏன்? வகுப்போடு 15 நிமிடம் ஒன்றைச் செய்யுங்கள். எண்களை மாற்றி அடுத்ததைத் தனியாகச் செய்யவிட்டு, காரணத்தை நான்கு வாக்கியத்தில் எழுதச் சொல்லுங்கள். பணியின் கடினத்தை அளக்க பிரபு வைத்த அளவுகோலும் எளிமையானது: வகுப்பில் பாதிப்பேராவது பணியில் பாதியாவது சரியாகச் செய்ய வேண்டும். அதற்குக் குறைந்தால் அடுத்த பணியை எளிதாக்குங்கள். எல்லாரும் முழுதும் சரியாகச் செய்தால் கடினமாக்குங்கள்.

உரைநடைப் பாடம் ஆறு பக்கம். வரிவரியாகப் படித்துத் தமிழில் பொருள் சொல்ல நான்கு மணிநேரம் ஆகிறது. அதன்பிறகும் மாணவர் கைடைத்தான் படிக்கிறார்கள்.
– பகுதி 2 ஆங்கிலம் எடுப்பவர், திருநெல்வேலி

நீங்கள் முழுவதையும் சொல்லிவிடுவதால், மாணவருக்குப் படிக்க வேண்டிய காரணம் இல்லை. தேர்வுக்குத் தேவை சுருக்கம். அது கைடில் இன்னும் சுருக்கமாகக் கிடைக்கிறது.

மூன்று மணிநேரமாக மாற்றிப் பாருங்கள். முதல் மணியில் பாடத்தை மூன்று பகுதியாகப் பிரியுங்கள். ஒவ்வொரு பகுதிக்கும் இரண்டு கேள்வியைப் படிக்கும்முன் பலகையில் எழுதிவிட்டு, மௌனமாகப் படிக்கச் சொல்லுங்கள். 300 சொல் கொண்ட பக்கத்துக்கு 4 நிமிடம் கொடுங்கள். விடையை எழுத வேண்டாம்; எந்தப் பத்தியில் இருக்கிறது என்று எண்ணை மட்டும் குறிக்கட்டும். பக்கத்தில் இருப்பவரோடு ஒப்பிட்டு, எண் மாறினால் அந்த இடத்தைத் திரும்பப் படிக்கட்டும். எல்லாரும் தடுமாறும் வாக்கியத்தை மட்டும் நீங்கள் விளக்குங்கள். தமிழில் என்றாலும் சரி.

இரண்டாம் மணி சொற்களுக்கு. பாடத்தின் இறுதியில் 25 சொல் இருக்கும். எட்டை எடுங்கள். வேறு பாடத்திலும் செய்தித்தாளிலும் வரக்கூடிய எட்டு. மற்றதற்குப் பொருளைப் பலகையில் எழுதிவிட்டுத் தாண்டிப் போகலாம். மூன்றாம் மணியில் ஐந்து மதிப்பெண் கேள்வி ஒன்று, புத்தகத்தை மூடிவிட்டு, 15 நிமிடம். பிறகு நல்லது ஒன்றும் நடுத்தரம் ஒன்றும் பெயர் சொல்லாமல் படித்து ஒப்பிடுதல். வருகைப்பதிவும் திருப்பி எழுதுவதும் போக மணி சரியாக இருக்கும்.

முதல் வாரம் சலசலப்பு இருக்கும். சீக்கிரம் முடிப்பவர்கள்தான் அதற்குக் காரணம். அவர்களுக்கென்று பலகை ஓரத்தில் மூன்றாவது கேள்வி ஒன்று எப்போதும் இருக்கட்டும். ‘நேரம் முடிந்தது’ என்று சொன்னால் நிறுத்திவிடுங்கள். முடிக்காதவருக்காக இன்னும் ஐந்து நிமிடம் கொடுத்தால் அடுத்த முறை யாரும் வேகமாகப் படிக்க மாட்டார்கள்.

வகுப்பில் தமிழ் பேசலாமா? லெசன் பிளானில் அதற்கு இடம் உண்டா?
– பொறியியல் கல்லூரி ஆங்கில ஆசிரியர், சேலம்

உண்டு. எங்கே என்று முன்கூட்டியே முடிவு செய்திருக்க வேண்டும். கட்டளையைச் சரிபார்க்க (‘இப்ப என்ன செய்யப் போறீங்க?’ என்று ஒருவரிடம் கேட்க), இலக்கணத்தில் தமிழோடு வேறுபடும் புள்ளியைக் காட்ட, எழுதும் முன் கருத்தைத் திரட்ட. இந்த மூன்றிலும் தமிழ் நேரத்தை மிச்சப்படுத்தும். மாணவர் எதை எழுதிக் கொடுக்க வேண்டுமோ, எதைச் சொல்லிக் காட்ட வேண்டுமோ அது ஆங்கிலத்தில். குழுவில் தமிழில் பேசினால் திட்ட வேண்டாம். படித்துக்காட்டும் கட்டத்தை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். நீங்கள் ஆங்கிலத்தில் சொன்ன ஒவ்வொரு வாக்கியத்தையும் உடனே தமிழில் சொல்வதுதான் உண்மையான கெடுதல். இரண்டாவது வரப்போகிறது என்று தெரிந்தால் முதலாவதை யார் கேட்பார்கள்?

செமஸ்டர் முழுவதற்கும் ‘பேக்வர்டு டிசைன்’ செய்யச் சொல்கிறார்கள். எங்கே தொடங்குவது?
– துறைத் தலைவர், மதுரை

1998-ல் அமெரிக்கக் கல்வியாளர்கள் விக்கின்ஸ், மெக்டை இருவரும் பரப்பிய வரிசை இது: முடிவில் வேண்டியது எது, அது வந்துவிட்டது என்பதற்குச் சான்று எது, அதற்குப் பிறகே வகுப்புகள் எவை. நாம் வழக்கமாகச் செய்வது ஐந்து யூனிட்டை 15 வாரத்தால் வகுப்பது. அதில் மாணவரே கணக்கில் வருவதில்லை.

சிலபஸைத் திறக்கும் முன், 14ஆம் வாரத்தில் மாணவர் செய்ய வேண்டிய மூன்று காரியங்களை எழுதுங்கள். 150 சொல்லில் ஒரு கருத்துப் பத்தி, இரண்டு நிமிடப் பேச்சு, பார்த்திராத ஒரு பக்கத்தைப் படித்து விடையெழுதுதல் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் நான்கு வரியில் மதிப்பெண் அளவுகோல். பிறகு யூனிட்டுகளைப் பார்த்து, எந்தப் பாடம் எதற்கு உதவும் என்று ஒட்டுங்கள். எதற்கும் ஒட்டாத பாடமும் இருக்கும். அது சிலபஸில் உள்ளதால் விட முடியாது, ஒரு மணிநேரத்தில் முடித்துவிடலாம்.

90 வேலைநாள், வாரம் ஆறு பீரியடென்றால் தாளில் 90 மணி. இன்டர்னல் தேர்வு, விளையாட்டு விழா, மழை விடுமுறை, டே ஆர்டர் (நாள்வரிசை அட்டவணை) மாற்றம் எல்லாம் போகும் என்று கொண்டு 70-க்குத் திட்டமிடுங்கள். மீதி கிடைத்தால் திருப்புதலுக்கு. கற்பித்த ஒவ்வொன்றும் இரண்டு வாரம் கழித்து ஐந்து நிமிடமும், இன்டர்னலுக்கு முன் ஒருமுறையும் திரும்பி வரும்படி அட்டவணையிலேயே குறியுங்கள். இந்தத் திரும்பிவரும் இடங்கள் இல்லாத திட்டம், பாடங்களைச் சி.ஓ.வோடு பொருத்தி எவ்வளவு அழகாக மேப்பிங் செய்திருந்தாலும், மூன்றாம் வாரப் பாடத்தை எட்டாம் வாரத்தில் இழந்துவிடும்.

ஒரு சங்கடத்தையும் சொல்ல வேண்டும். பல்கலைக்கழக வினாத்தாள் மனப்பாடத்தைக் கேட்கும்போது திறன் அடிப்படையிலான திட்டம் மாணவரைக் கைவிட்டதுபோல் ஆகும். ஆகவே ஒவ்வொரு யூனிட்டின் கடைசி மணியும் பழைய வினாத்தாளுக்கு. இதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. அரியர் வைத்த மாணவருக்குப் பேச்சுத்திறன் ஆறுதல் தராது.

சாட்ஜிபிடி தரும் லெசன் பிளானை அப்படியே எடுக்கலாமா?
– ஆய்வு மாணவர், சென்னை

அப்படியே கூடாது. ஒன்றும் சொல்லாமல் கேட்டால் 20 மாணவரும் நகர்த்தும் நாற்காலியும் புரொஜெக்டரும் இருப்பதாக எண்ணிக்கொண்டு எழுதும். 50 நிமிடத்துக்குள் ஆறு செயல்பாடுகளை அடுக்கும். வருகைப்பதிவுக்கு நேரம் இருக்காது. எத்தனை பேர், எத்தகைய பெஞ்சு, கையில் உண்மையில் கிடைக்கும் 43 நிமிடம் என்று சொல்லிக் கேளுங்கள். திட்டத்தைவிடத் துணைப்பொருளுக்கு அது நன்றாக உதவும்: ஒரே பத்தியை 80, 120, 180 சொல்லில் மூன்று நிலையாக எழுதித் தரச் சொல்லலாம். தமிழ்வழியில் வந்தவரும் ஆங்கிலவழியில் வந்தவரும் கலந்த வகுப்பில் இது பெரிய வேலைமிச்சம். கேள்வி ஒன்றே, பத்தி மட்டும் வேறு. விடையை வகுப்பாகச் சேர்ந்து பார்க்கலாம். விடைக்குறிப்பை மட்டும் நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள். கோடிட்ட இடத்துக்கு இரண்டு விடை பொருந்தும் கேள்விகளை அது அடிக்கடி தரும்.

திடீரென்று வேறொருவர் வகுப்புக்குப் போகச் சொல்கிறார்கள். கையில் திட்டமே இல்லை.
– கௌரவ விரிவுரையாளர், விழுப்புரம்

எந்த வகுப்புக்கும் பொருந்தும் ஒன்றை டைரியில் மடித்து வையுங்கள். 100 சொல் கொண்ட ஒரு சிறு செய்தி போதும். சாதாரண வேகத்தில் இருமுறை வாசியுங்கள். முதல்முறை கேட்க மட்டும். இரண்டாம்முறை காதில் விழும் முக்கியச் சொற்களைக் குறிக்கலாம். இருவர் இருவராகச் சேர்ந்து செய்தியை முழு வாக்கியங்களில் திரும்ப எழுதட்டும், 15 நிமிடம். பிறகு ஒரு ஜோடியின் எழுத்தைப் பலகையில் எழுதி, மூலத்தோடு வரிக்குவரி ஒப்பிடுங்கள். டிக்டோகிளாஸ் என்பார்கள் இதை. மாணவர் விட்டுவிடுவது பெரும்பாலும் ‘தி’, ‘எ’, வினைச்சொல்லின் ‘எஸ்’, ‘ஈடி’ ஆகியவற்றைத்தான். காதில் விழாத அந்தச் சிறு ஒலிகளைப் பற்றியே மீதி 20 நிமிடத்துக்குப் பேச விஷயம் இருக்கும். வாசிக்கும் வேகம் டிக்டேஷன் வேகமாகக் குறைந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குறைந்தால் சொல்லுக்குச் சொல் எழுதிவிடுவார்கள், ஒப்பிட எதுவும் மிஞ்சாது.